லாரியின் உதறலும் சங்கத்தின் செலவும்

சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு லாரி இருக்குமானால், அதன் சக்கரங்களோடு அங்கத்தினர்களின் பங்குத்தொகையும் சேர்ந்தே சுழல்கிறது. குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் விளையும் நெல்லும் நிலக்கடலையும் கீரனூருக்கோ, புதுக்கோட்டைக்கோ, திருச்சிக்கோ போய்ச் சேர வேண்டும். உர மூட்டைகளும் விதையும் அவ்வழியே திரும்பி வர வேண்டும். நெசவாளர் சங்கமாயின் நூல் பொதிகள் வரவேண்டும். நெய்த துணி கிடங்குக்குப் போகவேண்டும். அறுவடைக் காலத்தில் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றுவிட்டால், பட்டறைக் கூலி ஒரு செலவு. வெளி லாரிக்குக் கொடுக்கும் வாடகை மற்றொரு செலவு. களத்தில் கிடந்து நனையும் நெல் மூன்றாவது நஷ்டம்.

லாரிக்கு வரும் குறைகளுள் சங்கத்தாரை மிகவும் திகைக்க வைப்பது, வண்டி ‘வெட்டுகிறது’, ‘உதறுகிறது’ என்று டிரைவர் வந்து சொல்லும் குறையாகும். டயர் வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். விளக்கு எரியாவிட்டால் அதுவும் தெரியும். உதறல் அப்படிப்பட்டதன்று. எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை எந்த இடத்தில் கோளாறு இருந்தாலும் அது டிரைவரின் இருக்கையில் உதறலாகவே வந்து சேரும். அதனால்தான் ரப்பர்த் துண்டு ஒன்று கிழிந்திருக்க, கியர் பெட்டி முழுவதையும் பிரித்துப் பார்க்கும் விபரீதம் நேருகிறது. இம்மாதப் பாடத்தில், உதறலின் இருப்பிடத்தைப் பெருஞ்செலவு செய்வதற்கு முன்பே கண்டறியும் முறையை அங்கத்தினர்களோடு சேர்ந்து ஆராய்வோம்.

நெசவாளரும் விவசாயியும் அறிந்த முறை

இம்முறை நமக்குப் புதியதன்று. துணியில் குறை கண்ட நெசவாளர் உடனே தறியைப் பிரிப்பதில்லை. குறை பாவின் வழியே நீளமாகக் கோடு போல் ஓடினால் அச்சையோ பாவு இழையையோ பார்க்கிறார். குறுக்கே ஊடையின் வழியே பட்டை விழுந்தால், ஊடை நூலையும், அடிக்கும் அழுத்தத்தையும், துணி சுற்றும் முறையையும் பார்க்கிறார். அக்குறுக்குப் பட்டை ஒரே அளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், சுழலும் பாகம் ஒன்றில் கோளாறு என்று தெளிகிறார். குறை எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை இடைவெளியில் திரும்ப வருகிறது என்னும் இரண்டே அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகின்றன.

கிணற்று மோட்டாரில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால் விவசாயியும் அவ்வாறே செய்கிறார். மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொண்டுபோகுமுன், புட்வால்வில் சருகு அடைத்திருக்கிறதா, உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று பார்க்கிறார். செலவில்லாத சோதனை முதலில், சிறு செலவுச் சோதனை அடுத்து, பெருஞ்செலவு இறுதியில் என்பதே இரு தொழிலுக்கும் பொதுவான நீதி. லாரிக்கும் அதுவே நீதி.

சக்தி செல்லும் வழி

எஞ்சினில் பிறக்கும் சக்தி பின்சக்கரத்தை அடையும் வழியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினின் பின்புறம் கனத்த இரும்புச் சக்கரமான பிளைவீல் இருக்கிறது. அதன்மேல் கிளட்ச் பிளேட்டைப் பிரஷர் பிளேட் அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. காலை எடுத்தால் பிடித்துக்கொள்கிறது. கிளட்சிலிருந்து சக்தி கியர் பெட்டிக்குள் சென்று, தேவையான வேகத்துக்கு மாற்றப்பட்டு, புரொப்பல்லர் ஷாப்ட் என்னும் நீண்ட குழாய்த் தண்டின் வழியே பின்னோக்கி ஓடுகிறது. அத்தண்டின் மூட்டுகளில் ‘கிராஸ்’ எனப்படும் சிலுவை வடிவத் துண்டுகள் உள்ளன. தண்டு நீளமாக இருந்தால் நடுவில் சென்டர் பேரிங் ஒன்று ரப்பர் வளையத்துக்குள் அமர்ந்து அதைத் தாங்குகிறது. தண்டின் இறுதியில் டிபரன்ஷியல். அதனுள் கிரவுன் சக்கரமும் பினியனும். அங்கிருந்து ஆக்ஸில் ஷாப்டுகள் வழியே சக்கரங்கள்.

எஞ்சினும் கியர் பெட்டியும் சட்டத்தின்மேல் மவுண்டிங் ரப்பர்களில் உட்கார்ந்திருக்கின்றன. பின் ஆக்ஸில் கமான் பட்டைகளோடு யூ போல்ட்டுகளால் கட்டப்பட்டிருக்கிறது. இவை சக்தியைக் கடத்துவன அல்ல. சக்தி கடத்தும் பாகங்களை அதனதன் இடத்தில் பிடித்து வைப்பவை. உதறல் என்றவுடன் பலரும் மறந்துவிடுவது இவற்றைத்தான்.

குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு முன்னுள்ள மண்டபம் தேர் வடிவில் அமைந்திருப்பதை இவ்வட்டாரத்து அங்கத்தினர்கள் அறிவர். கற்குதிரைகள் இழுக்கும் அத்தேர் கற்சக்கரங்களோடு பல நூற்றாண்டுகளாக ஓர் அதிர்வும் இன்றி நிற்கிறது. அது ஓடுவதில்லை, ஆகவே தேய்வதும் இல்லை. ஓடும் வண்டிக்கு அந்த வரம் கிடையாது. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடைவெளி இருந்தால்தான் அது அசையும். அந்த இடைவெளி நாளடைவில் தேய்ந்து பெருகும்போது அது ஓசையாகவும் உதறலாகவும் வெளிப்படுகிறது. எந்த மூட்டில் இடைவெளி பெருகிற்று என்பதே நம் கேள்வி.

நான்கு கேள்விகள்

டிரைவர் வந்து குறை சொன்னவுடன் காரியதரிசி நான்கு கேள்விகளைக் கேட்டு, விடைகளை லாக் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது: எப்போது வருகிறது? நின்ற வண்டி புறப்படும்போதா, கியர் மாற்றும்போதா, ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போதா, ஒரு குறிப்பிட்ட வேகத்திலா, பிரேக் போடும்போதா?

இரண்டாவது: எதனோடு கூடுகிறது? எஞ்சின் சுற்றோடு கூடுகிறதா, சாலை வேகத்தோடு கூடுகிறதா, பாரத்தோடு கூடுகிறதா?

மூன்றாவது: எப்படிப்பட்டது? ‘தட்’ என்று ஒரே அடியா, ‘தடதட’ என்று தொடரும் உதறலா, மெல்லிய ரீங்காரம் போன்ற அதிர்வா?

நான்காவது: எந்தக் கியரில்? எல்லாக் கியரிலுமா, ஒன்றில் மட்டுமா?

இவற்றுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ‘வண்டி சரியில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், பட்டறைக்காரர் தம் ஊகப்படி ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்குவார். அதற்கு அவரைக் குறை கூறுவதிலும் நியாயம் இல்லை.

புறப்படும்போது உதறல்

முதல் கியரிலோ பின்கியரிலோ கிளட்சை விடும்போது வண்டி ‘தடதட’ என்று உதறி, பெடல் முழுவதும் மேலே வந்தவுடன் நின்றுவிட்டால், அது கிளட்சைச் சேர்ந்த குறை. அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களின் குறை. கியர் பெட்டியின் பற்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மவுண்டிங் ரப்பர்களையே முதலில் பார்க்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பிரேக்கை நன்கு பிடித்துக்கொண்டு, டிரைவர் முதல் கியரில் கிளட்சை மிகச் சிறிதளவு மட்டும் விட்டுப் பார்க்கட்டும். மற்றொருவர் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நில்லாமல், பக்கவாட்டில் நின்று எஞ்சினைக் கவனிக்கட்டும். எஞ்சின் ஒரு பக்கம் தூக்கி அடித்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்யக் கியர் பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

ரப்பர்கள் நன்றாக இருந்தால் குறை கிளட்சின் உள்ளே இருக்கிறது. கிளட்ச் பிளேட்டின்மேல் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கலாம். சூட்டினால் பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்திருக்கலாம். பிரஷர் பிளேட் வளைந்திருக்கலாம். பிளைவீல் முகத்தில் சூட்டினால் நீலத் திட்டுகள் விழுந்திருக்கலாம். பிளேட்டின் நடுவிலுள்ள சுருள் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். ஏற்றத்தில் பாரத்துடன் புறப்படும்போதும், சூடேறிய பிறகும் உதறல் மிகுதியாவது இவ்வகைக் குறைகளின் அடையாளம்.

இங்கே ஒரு செய்தி மிக முக்கியமானது. லாரியில் கிளட்ச் பிளேட்டை மாற்றக் கியர் பெட்டியை இறக்கியாக வேண்டும். கூலியின் பெரும்பகுதி அவ்வேலைக்கே போகிறது. ஆகவே பெட்டியை இறக்கியிருக்கும் நாளிலேயே பிளைவீல் முகம், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், போர்க், எஞ்சின் பின்புற ஆயில் சீல், கியர் பெட்டி முன்புற ஆயில் சீல் ஆகிய யாவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மீண்டும் பெட்டியை இறக்குவது, ஒரே வயலுக்கு இருமுறை உழவுக்கூலி கொடுப்பதைப் போன்றது.

நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்றில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கண்டோம். ஓராண்டுக் கணக்கில் ஒரே லாரிக்குக் கிளட்ச் பிளேட் இருமுறை மாற்றப்பட்டதற்கான செலவுச் சீட்டுகள் இருந்தன. சீட்டுகளில் கையொப்பம் முறையாக இருந்தது, தீர்மானமும் இருந்தது, கூட்டலும் சரியாக இருந்தது. ஆயினும் பிளேட் எதனால் கெட்டது என்று எந்தத் தாளிலும் ஒரு வரிகூட இல்லை. டிரைவரை விசாரித்தபோது, வண்டி நின்ற இடத்தில் கிளட்ச் உறைக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுவதைத் தாம் முதலிலிருந்தே கண்டதாகவும், யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றும் கூறினார். கசிந்தது ஆயில் சீல். எண்ணெயில் நனைந்தது பிளேட். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றியதால், புதுப்பிளேட்டும் சில மாதங்களில் அதே கதியை அடைந்தது. எதை மாற்றினோம் என்பது சீட்டில் இருந்தது. ஏன் மாற்றினோம் என்பது டிரைவரின் மனத்தில் மட்டுமே இருந்தது.

டிரைவரின் பழக்கத்தையும் இங்கே கூற வேண்டும். பெடலின்மேல் காலை வைத்தபடியே ஓட்டுவதும், பாரத்துடன் இரண்டாம் கியரில் புறப்படுவதும், ஏற்றத்தில் பிரேக் போடாமல் கிளட்சின் பிடியிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் பிளேட்டை எரித்துவிடும். பழக்கம் மாறாதவரை பிளேட் மாற்றிப் பயனில்லை.

ஒரே அடி ‘தட்’ என்று விழுந்தால்

புறப்படும் கணத்திலும், ஆக்சிலேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் ‘தட்’ என்று ஒரே அடி விழுந்தால், வழியில் எங்கோ இடைவெளி மிகுந்துவிட்டது என்று பொருள். கிராஸ் தேய்ந்திருக்கலாம், தண்டின் வழுக்கு இணைப்பில் பற்கள் தேய்ந்திருக்கலாம், பிளேஞ்ச் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், டிபரன்ஷியலில் பற்களின் இடைவெளி பெருகியிருக்கலாம், யூ போல்ட் தளர்ந்து ஆக்ஸிலே சற்று நகரலாம்.

இதற்கான சோதனைக்குச் செலவே இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, எல்லாப் பக்கமும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்ட பிறகே கீழே போக வேண்டும். தண்டைக் கையால் இருபுறமும் திருப்பிப் பார்த்தால், எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ அங்கே தேய்மானம் உள்ளது. கிராஸின் மூடிகளைச் சுற்றித் துருநிறச் செந்தூள் படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் தின்றுபோயிருக்கின்றன. கிரீஸ் அடிக்கும்போது நான்கு மூடிகளிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. முதலில் கெடப்போவது அதுவே.

இதை அலட்சியம் செய்வது பணநஷ்டத்தோடு நிற்பதன்று. ஓடும்போது கிராஸ் முறிந்தால் தண்டு விழுந்து, அருகிலுள்ள பிரேக் காற்றுக் குழாய்களை அடித்து நொறுக்கும். முன்முனை விழுந்து சாலையில் ஊன்றிக்கொண்டால் வண்டியையே தூக்கிவிடும். தண்டு விழாமல் தாங்கும் பாதுகாப்பு வளையம் உள்ள வண்டிகளில் அது இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘தட்’ என்னும் ஓசையைக் கேட்டபின் பாரம் ஏற்றி அனுப்புவது, டிரைவரின் உயிரையும் சாலையில் நடப்போரின் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு

மணிக்கு 45 அல்லது 50 கிலோமீட்டர் வேகம் எட்டியவுடன் அதிர்வு தொடங்கி, வேகத்தோடு கூடினால், சுழலும் பாகம் ஒன்று சமநிலை இழந்துவிட்டது. அது எஞ்சின் பக்கமா, சக்கரத்தின் பக்கமா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. ஆளில்லாத சமச்சாலையில் அதே வேகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்று கூடும். சாலை வேகம் மாறாது. அதிர்வு அப்படியே இருந்தால் குறை கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சின் சுற்றோடு அதிர்வும் மாறினால் குறை முன்பக்கத்தில் இருக்கிறது. நிற்கும் வண்டியில் நியூட்ரலில் அதே சுற்றுக்கு எஞ்சினை ஏற்றியபோதும் அதிர்ந்தால் பின்பக்கத்தை ஆராய வேண்டியதே இல்லை.

பின்பக்கம் என்று தெரிந்தால், டயரா தண்டா என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கணக்கு துணை செய்யும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். டயரின் சுற்றளவைச் சுமார் 3 மீட்டர் என்று கொண்டால், சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 333 முறை, அதாவது விநாடிக்கு ஐந்தாறு முறை சுழல்கிறது. டிபரன்ஷியலின் விகிதம் ஆறுக்கு ஒன்று என்றால், அதே நேரத்தில் தண்டு நிமிடத்துக்கு 2,000 முறை, அதாவது விநாடிக்கு 33 முறை சுழலும். ஆகவே டயரின் குறை, எண்ணிவிடக்கூடிய துள்ளலாக வரும். தண்டின் குறை எண்ணவே முடியாத ரீங்காரமாக இருக்கையின் வழியே ஏறும். துணியில் விழுந்த பட்டையின் இடைவெளியைக் கொண்டு குறையுள்ள உருளையைக் கண்டுபிடிக்கும் அதே கணக்குத்தான் இது.

தண்டு என்று தெரிந்தால், அது வளைந்திருக்கிறதா, ஒட்டியிருந்த சமநிலைத் தகடு விழுந்துவிட்டதா, சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டைக் கழற்றி மாட்டிய பிறகே அதிர்வு தொடங்கியிருந்தால், இரு பாதிகளும் மாறிப் பொருத்தப்பட்டிருக்கக் கூடும். தண்டின் இரு முனைகளிலுள்ள கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். அதற்காகவே அம்புக்குறிகள் உண்டு. குறி அழிந்திருந்தால், கழற்றுமுன் இரு பாதிகளின்மேலும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு போட்டுவிட்டால் போதும்.

மிகைப்பாரம் ஏற்றுவதற்காகக் கமான் பட்டைகளைக் கூட்டிய வண்டிகளில் மற்றொரு கோளாறு வரும். பின் ஆக்ஸில் நிற்கும் உயரமும் கோணமும் மாறுவதால் தண்டின் மூட்டுகள் தகாத கோணத்தில் சுழன்று, புறப்படும்போதே நடுங்கும். அங்கே புதுக் கிராஸ் போட்டாலும் அது விரைவில் தேயும். வண்டிக்கு விதித்த பாரத்தை மீறாமையே அதற்கு மருந்து.

கியர் மாற்றும்போது

எல்லாக் கியரிலும் பல் உரசி ‘கரகர’ என்றால், கிளட்ச் முழுவதும் பிடி விடவில்லை. பெடலின் தளர்வு அளவு, கிளட்ச் திரவத்தின் மட்டம், குழாயில் காற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே கியரில் மட்டும் உரசினாலும், ஓடும்போது ஒரே கியர் மட்டும் தானே கழன்று வெட்டினாலும், அப்போதுதான் கியர் பெட்டியின் உட்புறத்தைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

அப்போதும் பிரிப்பதற்கு முன் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெயை வடிக்கும் அடைப்பானில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருப்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். சாம்பல்நிறக் குழம்பு போல் மென்மையாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். சில்லும் துணுக்குமாக இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. வண்டியை ஓட்டவே கூடாது. நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் ஓசை பெடலை மிதித்தவுடன் நின்றால், கியர் பெட்டியின் முன்தண்டுப் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பெடலை மிதித்தால்தான் ஓசை வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

கியரைச் சேராத வெட்டுகள்

வெறுவண்டியாக நன்றாக ஓடி, பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது எல்லாக் கியரிலும் விட்டுவிட்டு வெட்டினால், எஞ்சினின் ஓசையைக் கேட்க வேண்டும். வெட்டும் கணத்தில் எஞ்சினின் ஓசையும் சுற்றும் சேர்ந்து விழுந்தால், டீசல் போதிய அளவில் வரவில்லை. பில்டர் அடைத்திருக்கலாம், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், குழாயின் இணைப்பில் காற்று இழுக்கலாம். இது கிணற்று மோட்டாரின் கதையேயன்றி வேறில்லை. மாறாக எஞ்சின் சுற்று ஏறி, வண்டி மட்டும் வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை வண்டிகளில், புகை சுத்திகரிப்புச் சாதனம் அடைத்தாலும், அதற்குரிய யூரியாக் கரைசல் தீர்ந்தாலும், எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் கியர் பெட்டியைக் குறை கூறலாகாது. கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வண்டிகளில், கிளட்ச் புதிதாகப் போட்டபின் கணினியில் அதன் அளவை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் புதுக் கிளட்சே வெட்டும். எண்ணெயின் விசையால் இயங்கும் முழுத் தானியங்கிக் கியர் பெட்டியில், பழைய அல்லது தகாத எண்ணெயினால், வரிமேடுகள் நிறைந்த சாலையில் ஓடுவது போன்ற நடுக்கம் வரும். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயைத்தான்.

பிரேக் போடும்போது மட்டும் உதறினால் அது டிரம் வட்டம் கெட்டதன் அடையாளம். ஓட்டம் முடிந்தபின் ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் அனல் வீசினால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. சுடும் டிரம்மைத் தொடாமல், அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை உணர்ந்தாலே போதும்.

நிர்வாகக் குழுவின் கடமை

நிர்வாகக் குழுவினர் மெக்கானிக்காக மாற வேண்டும் என்பது நம் கருத்தன்று. பழுதுபார்ப்பவர் பட்டறைக்காரரே. ஆனால் அங்கத்தினர்களின் பணத்தைச் செலவிட அனுமதி கொடுப்பவர் ‘ஏன்’ என்று கேட்கக் கடமைப்பட்டவர். ஆகவே சங்கங்கள் கீழ்க்கண்ட முறைகளை அனுசரிக்கலாம்.

லாக் புத்தகத்தில் குறை என்னும் தலைப்பில் நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதப்பட வேண்டும். டிரைவர் கையொப்பமிட வேண்டும். வண்டியோடு அதன் நகலும் பட்டறைக்குப் போக வேண்டும். மதிப்பீட்டில் சாமான் விலையும் கூலியும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். கண்ட குறையும் அதற்கான காரணமும் ஒரு வரியில் எழுதப்பட வேண்டும். மாற்றிய பழைய சாமான்களைச் சங்கத்துக்குத் திரும்பப் பெற வேண்டும். எண்ணெயில் ஊறிய பிளேட்டும் செந்தூள் படிந்த கிராஸும் எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகப் பேசும். பழுது முடிந்தபின், குறை கண்ட அதே டிரைவர், முன்பு உதறிய அதே நிலையில் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கப்பட வேண்டும். பாரத்துடன் உதறிய வண்டியை வெறுவண்டியாக ஓட்டிப் பார்ப்பது சோதனையாகாது.

இவை யாவற்றுக்கும் மேலாக, டிரைவரைப் பேச விட வேண்டும். நாள் முழுவதும் வண்டியின் ஓசையைக் கேட்பவர் அவரே. குறையைச் சொன்னால் தம்மேல் பழி வரும் என்று அவர் அஞ்சும் சங்கத்தில், சிறு குறையெல்லாம் மறைந்து வளர்ந்து பெருஞ்செலவாகவே வெளிவரும். முதல் நாளே சொன்ன டிரைவரைப் பாராட்டும் சங்கத்தில் ரப்பர்த் துண்டின் செலவோடு காரியம் முடியும். பொதுக்குழுவில் லாரிக் கணக்கு படிக்கப்படும்போது ‘பழுதுச் செலவு எவ்வளவு?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எந்தக் குறைக்கு, என்ன காரணத்தால்?’ என்றும் அங்கத்தினர்கள் கேட்பார்களாக.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. பெடல் முழுவதும் மேலே வந்தவுடன் நின்றுவிடும் உதறலுக்குக் கியர் பெட்டியைப் பிரிக்கலாமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

2. கியர் பெட்டியை ஒருமுறை இறக்கும்போது உடன் பார்க்க வேண்டிய பாகங்கள் யாவை? ஏன்?

3. அதே வேகம், குறைந்த கியர் என்னும் சோதனை எதைப் பிரித்துக் காட்டுகிறது?

4. டயரின் சுற்றளவு 2.5 மீட்டர், டிபரன்ஷியல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் புரொப்பல்லர் ஷாப்ட் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்?

5. உங்கள் சங்கத்தில் வாகனப் பழுதுக்கான சென்ற ஆண்டின் செலவுச் சீட்டுகளுள் காரணம் எழுதப்பட்டவை எத்தனை?